மனச்சாட்சியும் கணக்கும்

கொல்லிமலையின் அடிவாரமான காரவள்ளியில், எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு மேலேறும் சாலையின் தொடக்கத்தில் நின்று நோக்குங்கால், மலைமேலுள்ள பள்ளியைப் பார்வையிட வேண்டிய கல்வி அதிகாரி உண்மையாகவே ஏறிச் சென்றாரா, அன்றி ஏறாமலேயே அறிக்கை எழுதினாரா என்பதற்குச் சாக்ஷி அவருடைய அந்தராத்மா ஒன்றுதானா என்னும் வினா எழுகிறது.

எங்கும் நிறைந்த பரம்பொருள் காண்கையில் வேறு சாக்ஷி எதற்கு என்பர் பக்திமான்கள் சிலர். அவ்வாதத்தை நான் ஏற்கவில்லை. இறைவன் கண்டான் என்பதனால் இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிக் குழந்தைக்கு வராத ஆசிரியர் வந்துவிடுவதில்லை. தீங்குற்றவர் கேட்கவும் பொறுப்பேற்றவர் பதிலிறுக்கவும் இடமிருந்தாலன்றித் தர்மம் உலகில் உருப்பெறாது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் உத்திரமேரூர் ஊர்ச்சபையின் தீர்மானங்களாகப் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், வாரியம் என்னும் குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரையும் தேர்தலினின்று விலக்கின. உறவினரையும் விலக்கியது கடுமைதான். ஆயினும் தெய்வபக்தி மிகுந்த அச்சபை, தெய்வத்தின்மேல் பாரத்தைப் போட்டுவிட்டுக் கணக்கை மறந்துவிடவில்லை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் குறைந்தது முக்கால் பங்கினர் பெற்றோர். மானியம் செலவான விதத்தைக் கண்காணிப்பது அவர்கள் கடமை. மலைவாழ் பெற்றோரே, அடுத்த கூட்டத்தில் வரவு செலவைக் கேளுங்கள். அதிகாரிகளே, கேளாமுன்னமே காட்டுங்கள்.