நாவின் உபவாசம்

பெங்களூரு மாநகரின் நீலசந்திரா, குறுகிய வீதிகளும் நெருங்கி நிற்கும் வீடுகளும் கொண்ட பகுதி. கன்னடமும் தமிழும் உருதுவும் அங்கே ஒருங்கே ஒலிக்கின்றன. ஓர் இல்லத்தில் ஏகாதசி விரதம், மற்றோர் இல்லத்தில் ரமலான் நோன்பு, இன்னோர் இல்லத்தில் தவக்கால ஒறுத்தல் என்று ஆண்டு முழுவதும் ஏதேனும் ஓர் உபவாசம் அனுஷ்டிக்கப்படும் இடம் அது. உணவைக் குறைத்து இறைவனை நெருங்குவது பல சமயங்களுக்கும் பொதுவான சாதனை.

இன்று இத்தகைய நகர்ப்பகுதிகளில் மற்றொரு விரதமும் பரவியுள்ளது. உடலைச் சுத்தம் செய்வதற்காக ஒரு நாளோ இரு நாளோ திட உணவை நீக்கி, வெந்நீர், எலுமிச்சை நீர், நீர்மோர் ஆகியவற்றோடு இருப்பது. இதை மேற்கொள்வோருள் சிலர் இன்னும் ஒரு படி மேலே சென்று சர்க்கரை, வெல்லம், தேன், செயற்கை இனிப்பூட்டி ஆகிய அனைத்தையும் விலக்குகின்றனர். இது மருத்துவப் பத்தியம் மட்டும்தானா, அல்லது ஆன்மிக சாதனையாக உயரக்கூடியதா? சிந்திக்கத் தக்க கேள்வி இது.

உடலின் தூய்மை

உடலின் கழிவுகளை அகற்றும் பணியைக் கல்லீரலும் சிறுநீரகங்களும் அல்லும் பகலும் செய்து வருகின்றன. அவற்றுக்குப் பதிலாக அப்பணியைச் செய்யும் பானம் எதுவும் இல்லை. ஓயாமல் உண்ணும் பழக்கத்திலிருந்து செரிமான உறுப்புகளுக்குச் சற்று ஓய்வளிப்பதே உபவாசத்தால் உடலுக்குக் கிடைக்கும் நன்மை. அந்த ஓய்வு நாளில் எலுமிச்சை நீரில் தேனைக் கலந்து பலமுறை பருகினால் ஓய்வு ஏது? உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில், தேனிலும் பழச்சாற்றிலும் உள்ள சர்க்கரையையும் குறைக்க வேண்டிய சர்க்கரையின் கணக்கிலேயே சேர்த்துள்ளது. நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் அதை நிறுத்திக்கொள்வது மேலும் நலம் தரும் என்கிறது. செயற்கை இனிப்பூட்டிகளை உடல் எடையைக் கட்டுப்படுத்தும் வழியாகக் கொள்ள வேண்டாம் என்று அதே நிறுவனம் 2023ஆம் ஆண்டு மே மாதம் அறிவுறுத்தியது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அவ்வறிவுரை பொருந்தாது என்றும் தெரிவித்தது.

ஆனால் சாத்திரம் கூறும் தூய்மை உடலோடு முடிவதில்லை. ஆகாரம் தூயதானால் உள்ளம் தூயதாகும் என்ற கருத்தைச் சாந்தோக்கிய உபநிடதம் உரைக்கிறது. ஆகாரம் என்பதற்கு, உண்ணும் உணவு என்று இராமானுஜர் பொருள் கொண்டார். புலன்களின் வழியாக மனம் ஏற்கும் அனைத்துமே ஆகாரம் என்று சங்கரர் விரித்தார். சுவாமி விவேகானந்தர் பக்தியோகத்தில் இவ்விரு விளக்கங்களையும் எடுத்துக்காட்டி, இரண்டும் சாதகனுக்குத் தேவை என்று தெளிவுபடுத்தினார்.

எஞ்சி நிற்கும் சுவை

கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் பகவான் நுட்பமான ஓர் உண்மையை உணர்த்துகிறார். உணவை விலக்கியவனிடமிருந்து விஷயங்கள் விலகிச் செல்கின்றன. எனினும் அவற்றின் மீதுள்ள சுவை மட்டும் அவனுக்குள் தங்கிவிடுகிறது. பரம்பொருளைக் காணும்போதே அந்தச் சுவையும் அகலுகிறது.

செயற்கை இனிப்பூட்டி இவ்வுண்மைக்கு நம் காலத்தின் உதாரணம். அதில் சர்க்கரை இல்லை, சர்க்கரையின் சுவை மட்டுமே உள்ளது. பொருள் விலகிற்று, ஆசை அப்படியே நிற்கிறது. சர்க்கரையை விட்டுப் பனங்கற்கண்டுக்கும், அதை விட்டுத் தேனுக்கும், அதையும் விட்டு இனிப்பு மாத்திரைக்கும் தாவும் மனம், கிளை மாறிய குரங்கைப் போன்றது. மரத்தை விட்டு அது இறங்கவே இல்லை.

'பலகாரம்' என்னும் சொல்லின் வரலாறும் இதையே காட்டுகிறது. விரத நாளில் பழம் முதலிய எளிய உணவை உட்கொள்வது பலாகாரம். அச்சொல்லே திரிந்து, நெய்யிலும் வெல்லத்திலும் செய்த தின்பண்டங்களுக்குப் பெயராயிற்று. ஏகாதசி இரவில் சோறு இல்லை என்று கேசரியும் பாயசமும் உண்பவன், விரதத்தின் பெயரால் நாவுக்கு விருந்து வைக்கிறான். சமணர்கள் அனுஷ்டிக்கும் 'ஆயம்பில்' விரதத்தில் பால், நெய், எண்ணெய், சர்க்கரை, காரம் அனைத்தும் நீங்கிய சுவையற்ற உணவையே ஒரு வேளை உண்கின்றனர். உண்ணும்போதும் நா உபவாசம் இருக்கலாம் என்பதற்கு அது சான்று.

வெல்லப் பானைகள்

குருதேவர் ஸ்ரீராமகிருஷ்ணர் ஒரு வைத்தியரின் கதையைக் கூறுவதுண்டு. தொலைவிலிருந்து வந்த நோயாளிக்கு வைத்தியர் மருந்தை மட்டும் தந்து, பத்தியத்தைக் கேட்க மற்றொரு நாள் வரச் சொன்னார். அவன் மறுபடியும் வந்தபோது வெல்லத்தைத் தவிர்க்கும்படி கூறினார். இந்த ஒரு வார்த்தையை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று அருகிலிருந்தவர் கேட்டார். அன்று தமது அறையில் வெல்லப் பானைகள் பல இருந்தன என்றும், அவற்றைப் பார்த்த நோயாளிக்குத் தமது சொல்லில் நம்பிக்கை பிறந்திராது என்றும் வைத்தியர் விடையளித்தார்.

இக்கதை ஒவ்வோர் இல்லத்துக்கும் உரியது. வீட்டில் பெரியவர் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. அவருக்கு மட்டும் சர்க்கரையில்லாக் காப்பியைக் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் அவர் எதிரிலேயே இனிப்பை உண்கின்றனர். அவர் மறைவாக எடுத்து உண்டால் கடிந்துகொள்கின்றனர். மாதத்தில் இரண்டு ஏகாதசிகளிலாவது வீட்டிலுள்ள அனைவரும் இனிப்பை விலக்குவதாகச் சங்கல்பம் செய்துகொண்டால் அவரது தனிமை நீங்கும். உபதேசத்தால் ஆகாதது உடன் நோற்பதால் ஆகும்.

உடலை வாட்டுவது தவமன்று

1911ஆம் ஆண்டு அன்னை ஸ்ரீசாரதாதேவியார் இராமேசுவர தரிசனம் முடித்துப் பெங்களூருக்கு எழுந்தருளினார். பசவனகுடியிலுள்ள ஸ்ரீராமகிருஷ்ண ஆசிரமத்தில் அன்னை அமர்ந்த பாறை இன்றும் போற்றப்படுகிறது. நீலசந்திராவிலிருந்து சில கிலோமீட்டர் சென்றால் அன்பர்கள் அதைத் தரிசிக்கலாம். அக்காலத்து வங்காளத்தில் உயர்குல விதவைகள் ஏகாதசியன்று தண்ணீரும் அருந்தாமல் இருக்க வேண்டும் என்பது வழக்கம். தாமும் கணவரை இழந்தவராக இருந்தும், கடும் பட்டினியால் உடலை வருத்திய சீடப் பெண்களை அன்னை தடுத்தார். உடல் கெட்டால் ஜபமும் தியானமும் எங்ஙனம் நடைபெறும் என்பதே அன்னையின் கவலை.

இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரின் ஆலோசனையின்றி உபவாசம் இருத்தல் ஆபத்து. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தளர்ந்த முதியோரும் இதைத் தவிர்ப்பதே நன்று. நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவருக்கு உபவாசத்தின் நடுவே வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றினால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிட்டது என்று அறிய வேண்டும். அப்போது சங்கல்பத்தை எண்ணித் தயங்காமல் உடனே சுமார் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையை நீரில் கரைத்துப் பருக வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இனிப்பூட்டி மாத்திரை அவ்வேளையில் பயன்படாது. நாவுக்கு இனிக்கும் அது இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்துவதில்லை. அத்தருணத்தில் உண்ணும் சர்க்கரை மருந்து. அதனால் விரதம் பங்கமாவதில்லை. மிகையாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்று பகவானே ஆறாம் அத்தியாயத்தில் எச்சரித்திருக்கிறார்.

கற்கண்டு இனிப்பில் சேராது

அப்படியானால் எஞ்சி நிற்கும் சுவை எவ்வாறு அகலும்? வெறுப்பினால் அது அகலாது. அதனினும் உயர்ந்த சுவை வாய்க்க வேண்டும். கற்கண்டுப் பானகத்தைச் சுவைத்தவன் மட்டமான வெல்லப் பாகை நாடமாட்டான் என்பார் குருதேவர். கற்கண்டைப் பிற இனிப்புகளோடு சேர்த்து எண்ணுவதில்லை. அதுபோல, பக்தியை விரும்புவதும் ஆசைகளுள் சேராது என்றும் அவர் விளக்கினார். உபவாசம் என்ற சொல்லுக்கே 'அருகில் வசித்தல்' என்பது பொருள். அடுப்பு ஓய்ந்த நேரத்தை நாமஜபத்துக்கும் பாராயணத்துக்கும் அளிக்காவிட்டால், நாள் முழுவதும் மனம் அடுப்படியிலேயே வசிக்கும்.

1902ஆம் ஆண்டு ஜூலை 2, ஏகாதசி. பேலூர் மடத்தில் சுவாமி விவேகானந்தர் உபவாசம் இருந்தார். நீரிழிவாலும் பிற நோய்களாலும் அவரது உடல் தளர்ந்திருந்தது. அன்று வந்த சகோதரி நிவேதிதைக்கு வேகவைத்த பலாக்கொட்டை, உருளைக்கிழங்கு, சோறு, குளிர்ந்த பால் ஆகியவற்றைத் தம் கைகளாலேயே பரிமாறினார். உண்டு முடித்ததும் சிஷ்யையின் கைகளில் தாமே நீர் வார்த்துத் துடைத்தும் விட்டார். இரண்டே நாட்களில், ஜூலை 4 அன்று, மகாசமாதி அடைந்தார். தம் பசியை மறந்து பிறர் பசியைத் தீர்த்த அந்த ஏகாதசி, உபவாசத்தின் நிறைவு எது என்பதைக் காட்டுகிறது. விரத நாளில் மிஞ்சும் அரிசியும் சர்க்கரையும் பசித்த ஒருவரின் இல்லத்தைச் சேருமானால், அதுவே உள்ளத்தைச் சுத்தம் செய்யும் உபவாசம்.

துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையும் சுண்டைக்காயும் நெல்லிக்காயும் இடம்பெறுவது பெரியோர் வகுத்த முறை. கசப்பும் துவர்ப்பும் புளிப்புமே அன்று நாவுக்கு முதலில் கிடைக்கின்றன. நெல்லிக்கனியை மென்றபின் பருகும் வெறும் நீரும் இனிக்கிறது. அந்நீரில் எவரும் சர்க்கரை சேர்க்கவில்லை. புலனடக்கத்தின் துவர்ப்பைப் பொறுமையோடு ஏற்ற சாதகனுக்கு எளிய வாழ்வும் அவ்வாறே இனிக்கும். அந்த இனிமையை நாடும் உள்ளத்தை அனைவருக்கும் அருளுமாறு குருதேவரின் திருவடிகளைப் பிரார்த்திப்போமாக.