அபாயச் சங்கிலி



2024-ஆம் வருஷம் மே மாதம் 2-ந் தேதி, நமது விருதுநகர், சிவகாசி வழியாய்ப் போகும் கொல்லம் எக்ஸ்பிரஸிலிருந்து, விருத்தாசலத்துக்கு அருகே ஒரு கர்ப்பிணிப் பெண் தவறி விழுந்து மரித்தாள். தங்கள் பெட்டியில் சங்கிலியை இழுத்தும் வண்டி நிற்கவில்லை, அடுத்த பெட்டிக்கு ஓடி இழுத்த பிறகே நின்றது என்று உறவினர் முறையிட்டார்கள்.

சங்கிலியை இழுத்தால் பிரேக் குழாயின் காற்று வெளியேறும். டிரைவர் தம் முன்னுள்ள முள் இறங்குவதைக் காண்பார். இழுத்தவர் யார், எதற்காக என்று அறியார்; ஆயினும் வண்டியை நிறுத்துவார். பின்பு உதவி டிரைவரோ கார்டோ பெட்டி பெட்டியாய் நடந்து, இழுத்த இடத்தைக் கண்டு, கையால் சரிசெய்ய வேண்டும். நம் தென்காசி மார்க்கமோ ஒற்றைப் பாதை. எதிர்வண்டியும் ஸ்டேஷனில் காத்துக் கிடக்கும்.

"ஊர்ப்பக்கம் இறங்கலாமென்று சும்மா இழுத்தோம், சாமி" என்று சிரிக்கிற வாலிபர் நம் பங்கிலும் உண்டு. (பட்டாசு மூட்டையை மறைத்து ஏற்றுகிறவர்களைப்பற்றி வேறொரு ஞாயிறு பேசுவேன்.) 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டம் 141-ஆம் பிரிவின்படி இதற்கு ஓராண்டு வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அது கிடக்கட்டும். விளையாட்டென்று எண்ணி இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லாமல் விடுகிறீர்களே, அதுதான் என் வருத்தம். பெற்றோரே, இன்றிரவு ஜெபமாலை முடிந்ததும் உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.