இட்ட பெயரும் ஏசும் நாவும்

மகவுக்குப் புதுமைப் பெயர் சூட்டியோரைப் பழமை பேணுவோர் நகைக்கின்றனர். பாட்டனார் பெயரை இட்டோரை மற்றையோர் நாகரிகம் அறியார் என்கின்றனர். இவ்விருவர் ஏச்சையும் சுமப்பதோ ஏதுமறியாக் குழந்தை.

பெரியாழ்வார் தம் திருமொழியின் நான்காம் பத்தில் ஒரு பதிகம் முழுவதையும் பெயரிடுதலுக்கே அமைத்தார். காசும் ஆடையும் கருதிப் பிறர் பெயரை இடாது, எம்பெருமான் திருநாமத்தையே இடுமின் என்றார்; நாரணன் பெயர் கொண்டவனின் அன்னை நரகம் புகாள் என்றும் அருளினார். மகவை அழைக்குந்தோறும் தாயின் நாவில் திருநாமம் திகழவேண்டும் என்பதே அதன் கருத்து. அந்நாவே அயலார் குழந்தையின் பெயரைப் பழிக்குமாயின், நற்பெயர் இட்டதன் பயன் யாது?

அங்ஙனமாயின், வேறு பெயர் பெற்ற குழந்தைக்குக் கதி இல்லையோ எனின், உண்டு. பஞ்ச ஸம்ஸ்காரத்தில் தாபத்தையும் புண்ட்ரத்தையும் அடுத்து மூன்றாவதாக நிற்பது நாமம். பெற்றோர் எப்பெயர் இட்டிருப்பினும், அடிபணிந்தவனுக்கு 'ராமாநுஜதாஸன்' என்னும் தாஸ்யநாமத்தை ஆசார்யன் அளிக்கிறார். பெயர் விந்தையானது என்று அவர் எவரையும் விலக்குவதில்லை.

ஆசார்யன் விலக்காத பெயரை அடியார் இகழ்தல் தகுமோ? பெயரிடுமுன் பெற்றோர்க்கு நல்லுரை கூறுக. இட்டபின் அக்குழந்தையை அப்பெயராலேயே அன்புடன் அழைக்க.