சாயத்துக்கு முன் வெளுப்பு



தபசுகாலம் பாதி கடந்துவிட்டது. பாஸ்குத் திருநாள் கிட்ட வருகிறது. திருநாள் என்றவுடன் குடும்பத் தலைவனுக்கு வருகிற முதற்கவலை ஜவுளிக்கடைக் கவலை. வீட்டில் எல்லாருக்கும் புதுத்துணி எடுக்கக் கடன் வாங்கிவிட்டு, அடுத்த திருநாள் வரை வட்டி கட்டுகிறவர்கள் நம்மிடையே உண்டு. சேசுநாதர் உயிர்த்தெழுந்த சந்தோஷத்தைக் கடன் பத்திரத்தில் கையொப்பமிட்டா வாங்க வேண்டும்?

தாய்மாரே, துணிப்பெட்டியைத் திறந்து பாருங்கள். நூல் இற்றுப்போகாமல் நிறம் மட்டும் மங்கிய பருத்திப் புடவையும் சட்டையும் பாவாடையும் எத்தனை கிடக்கின்றன! கடையில் ஒரு சாயப்பொட்டலம் வாங்கினால் வீட்டிலேயே அவற்றுக்குப் புதுநிறம் ஏற்றலாம். முதலில் துணியைச் சோப்புப் போட்டுத் துவைத்து, எண்ணெய்ப் பிசுக்கும் கஞ்சியும் போக அலசுங்கள். துணி தாராளமாகப் புரளக்கூடிய பெரிய பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, தனியே கரைத்த சாயத்தை வடிகட்டி ஊற்றுங்கள். பொட்டலத்தில் சொல்லியிருக்கும் அளவுக்கு உப்புச் சேருங்கள்; நீரிலுள்ள சாயம் நூலுக்குள் ஏற உப்பு உதவும். ஈரத்துணியை விரித்து இட்டு, அடுப்பில் சூடு குறையாமல் அரைமணி நேரம் கோலால் கிளறிக்கொண்டே இருங்கள். பிறகு தண்ணீர் தெளியும்வரை அலசி, நிழலில் உலர்த்துங்கள். அந்தப் பாத்திரத்தை மறுபடியும் சமையலுக்கு எடுக்கவேண்டாம்.

சாயநீரைக் கிணற்றோரத்திலும் குளத்திலும் கொட்டாதீர்கள். சாயக்கழிவால் நொய்யலாறு கெட்டதினாலே, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. நம் வீட்டுச் சாயம் கொஞ்சந்தான். ஆனாலும் அயலான் குடிக்கிற தண்ணீருக்கு நாம் தேவ சமூகத்தில் கணக்குக் கொடுக்கவேண்டும்.

சாயத்தொழிலுக்குச் சில விதிகள் உண்டு. வெளிர்நிறத்தை அடர்நிறமாக்கலாம், அடர்நிறத்தின்மேல் வெளிர்நிறம் ஏறாது. மஞ்சள் துணியை நீலச் சாயத்தில் இட்டால் பச்சைதான் வரும். பாலியெஸ்டர் துணி சாதாரணச் சாயத்தைக் குடிக்காது. எல்லாவற்றிலும் பெரிய விதி ஒன்று: சாயம் கறையை மறைக்காது. எண்ணெய்க் கறையோடு சாயத்தில் இட்டால், அந்த இடம் புதுநிறத்திலும் திட்டுத்திட்டாகத் தெரியும்.

பிரியமானவர்களே, இந்தக் கடைசி விதியை நன்றாய் யோசித்துப் பாருங்கள். அண்ணனும் தம்பியும் வரப்புத் தகராற்றினால் வருடக்கணக்காய் முகம் பார்ப்பதில்லை. மாமியாரும் மருமகளும் ஒரே கூரையின்கீழ் இரண்டு அடுப்பு மூட்டுகிறார்கள். ஒருவர் கூலிக்காரனுக்குக் கொடுக்கவேண்டியதைப் பிடித்து வைத்திருக்கிறார். ஆனால் பாஸ்கு இரவில் எல்லாரும் மடிப்புக் கலையாத புதுத்துணியோடு கோவிலில் முன்வரிசையில்! இது கறைமேல் ஏற்றிய சாயம் அல்லவா? மனிதர் கண்ணுக்கு மறைந்தாலும் சர்வேசுரன் கண்ணுக்கு மறையாது. ஒருநாள் சாயம் வெளுத்துப்போகும்.

ஞானஸ்நானத்தில் நமக்கு அணிவித்த வெண்ணாடையை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். அதில் படிந்த கறையைப் போக்கச் சாயத்தொட்டி உதவாது. பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குத்தான் வரவேண்டும். அங்கே உள்ளபடி சொல்லி மனஸ்தாபப்படுங்கள். கழுவப்பட்ட ஆத்துமத்தில் தேவ இஷ்டப்பிரசாதம், சாயம் நூலுக்குள் இறங்குகிறதுபோல் உள்ளே இறங்கும். சுவரில் பூசிய வர்ணம்போல் மேலோடு நில்லாது.

சாயமேற்றிய பழந்துணியை உடுத்துவது குறைச்சல் என்று நினைக்கவேண்டாம். கல்வாரியில் சேவகர் நம் ஆண்டவருடைய உடைகளைப் பங்கிட்டபோது, தையலின்றி நெய்த அவருடைய அங்கியைக் கிழிக்க மனம் வராமல் சீட்டுப்போட்டதாக அர்ச். அருளப்பர் எழுதுகிறார். அவர் உடுத்திப் பழகிய உடை அது. கல்நெஞ்சச் சேவகரே வீணாக்கத் துணியாத பழைய ஆடையை நாமா இகழ்வது? உங்கள் பிள்ளைகளை யாரேனும் கேலி செய்தால் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

தியத்தீரா ஊராளாகிய லீதியாவையும் நினையுங்கள். சாயக்காரர் சங்கம் இருந்த ஊர் அது. அவள் விலையுயர்ந்த ஊதாச் சாயத்துணி விற்றவள். பிலிப்பி நகரில் ஆற்றங்கரையிலே அர்ச். சின்னப்பரின் போதகத்தைக் கேட்டு, தன் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றாள். பெற்றவுடனே அப்போஸ்தலருக்குத் தன் வீட்டைத் திறந்துவிட்டாள். முதலில் ஆத்துமம் கழுவப்பட்டது. உடனே கை தாராளமாயிற்று.

ஆகையால் இந்த வாரம் மூன்று காரியம் செய்யுங்கள். பகையாயிருப்பவன் வாசற்படியை நீங்களே முதலில் மிதியுங்கள். குடும்பத்தோடு பாவசங்கீர்த்தனத்துக்கு வாருங்கள். பிறகு சாயப்பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுங்கள். அதில் உங்கள் துணியோடு ஏழை ஒருவருக்காக ஒரு துணியும் இருக்கட்டும். மங்கியதை மங்கியபடியே வீசியெறிவது தருமம் அல்ல. சாயமேற்றி, அறுந்த பொத்தானைத் தைத்து, மடித்து, இரண்டு கையாலும் கொடுங்கள்.

கடனில்லாத வீடும் கறையில்லாத ஆத்துமமுமாய் உயிர்த்த ஆண்டவரை எதிர்கொள்ள, தேவமாதா உங்கள் எல்லாருக்காகவும் மன்றாடுவார்களாக.

உங்கள் பங்குச் சுவாமி