விரும்பியா செத்தார்கள்?

இலங்கையின் கிழக்கே, கதிரவெளியில் கற்பலகைகளால் அமைத்த பெருங்கற்காலப் புதைகுழிகள் உண்டு. நரபலி கொடுத்த இடம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். வடமேற்கே, பொம்பரிப்பில் ஒரே தாழிக்குள் பலருடைய எலும்புகள் கிடைத்தன. அதுவும் கொலைக்குச் சான்றாகாது. உடல் மக்கிய பிறகு எலும்பைப் பொறுக்கி அடக்குவது அக்கால வழக்கம். சான்றில்லாமல் முன்னோரைக் கொலைகாரர் ஆக்குவதும் மூடநம்பிக்கைதான்.

சான்று வேறு மாதிரி இருக்கும். பெருவின் வடகரையில், 1450ஆம் ஆண்டளவில் புதைக்கப்பட்ட சுமார் 140 பிள்ளைகளைத் தோண்டியெடுத்தார்கள். நெஞ்செலும்பின் குறுக்கே ஒரே சீரான வெட்டு. பழகிய கை. ஈராக்கின் ஊர் நகரத்து அரச இடுகாட்டில் ஒரே குழியில் 74 பேர். அவர்களில் 68 பேர் பெண்கள், பொன்னணிகளோடு வரிசையாகக் கிடந்தார்கள். 1920களில் அகழ்ந்த லெனார்ட் வூலி, அவர்கள் தாமாகவே நஞ்சருந்தி எசமானரோடு போனார்கள் என்று கருதினார். பல்லாண்டுகள் கழித்து அந்த இடுகாட்டு மண்டையோடுகள் இரண்டை ஸ்கேன் செய்தார்கள். இரண்டிலும் கூரான ஆயுதத்தால் அடித்த துளை.

93 ஆஸ்திரோனேசியச் சமூகங்களை ஒப்பிட்டு 2016இல் வெளிவந்த ஆய்வு, நரபலி யார் கையில் இருந்தது, யார் பலியானார்கள் என்று காட்டுகிறது. பலியிட்டவர் தலைவரும் பூசாரியும். பலியானவர் பெரும்பாலும் அடிமைகள், நாதியற்றவர்கள். ஏற்றத்தாழ்வு மிகுந்த இடத்தில் நரபலியும் மிகுதி.

எங்கள் திரௌபதையம்மன் கோயில்களில் பாரதக் கதை கேட்கிறோம். தமிழர் சொல்லும் கதையில், போர் வெல்லக் கொடுக்கும் களப்பலிக்கு ஏற்ற 32 இலட்சணமும் பொருந்தியவர்கள் கிருஷ்ணன், அர்ச்சுனன், அரவான் மூவரே. முதல் இருவரும் போருக்கு வேண்டியவர்கள். மிஞ்சிய அரவான் நாகப் பெண் பெற்ற பிள்ளை. அவன் தானே முன்வந்தான் என்று சொல்லிக் கண்கலங்குகிறோம். அவன் மாட்டேன் என்றிருந்தால் விட்டிருப்பார்களா?

இது பழங்கதையோடு போகவில்லை. போர்க்காலத்தில் மட்டக்களப்பின் படுவான்கரையில் இயக்கம் சண்டைக்கு 'வீட்டுக்கொரு பிள்ளை' கேட்டது நமக்கு நினைவிருக்கிறது. காசும் வெளிநாட்டுச் சொந்தமும் உள்ள வீடுகள் பிள்ளைகளைத் தப்ப வைத்தன. கூலி வேலைக்குப் போன தாய் மகளை எங்கே ஒளிப்பாள்? பிடித்துக்கொண்டு போன பிள்ளை செத்தபோதும் 'தியாகம்' என்றே எழுதினார்கள். விரும்பிப் போன பிள்ளைகளும் இருந்தார்கள், உண்மை. ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளையின் சம்மதத்தை எந்தப் பெரியவரும் கையேந்தி வாங்கியிருக்கக் கூடாது. செத்த அந்தப் பிள்ளைகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் இனியும் 'தியாகம்' என்று எழுத வருகிறவர்கள், முதலில் அந்தத் தாய்மாரிடம் போய்க் கேட்கட்டும்.