காயம்பட்ட மானும் பயிற்றிய நாயும்



அல்லாஹு தஆலா தன் திருமறையில், அல்மாயிதா சூராவின் 4-வது ஆயத்தில், பழக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் நமக்காகப் பிடித்துத் தருவதை அவன் பெயர் கூறி உண்ண அனுமதிக்கிறான். அவற்றுக்கு நாம் கற்பிப்பதும் அவன் நமக்குக் கற்பித்ததிலிருந்துதான் என்பதை அதே ஆயத்தில் நினைவூட்டுகிறான். கல்வியின் மகத்துவத்தைக் கவனியுங்கள்! பழகாத நாய் கடித்துக் கொன்றது செத்த பிணம். பழகிய நாயை பிஸ்மி சொல்லி ஏவ, அது கொன்றது ஹலால். இரண்டும் நாய்தான், நடுவில் நிற்பது இல்மு ஒன்றே.

ஸ்ரீரங்கத்தில் வியாபாரம் செய்துவரும் சகோதரர் ஒருவர் நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்டார். அவருடைய மகன் ஒரு கன்னி இன நாய்க்குட்டியை வாங்கி வந்திருக்கிறான். சுடப்பட்டு ஓடிய மானை மோப்பம் பிடித்துக் காட்டும்படி அதைப் பழக்கி, கூட்டாளிகளோடு பச்சைமலைப் பக்கம் போவதாக அவன் எண்ணம். இது ஆகுமா?

இந்த வித்தை ஜெர்மனி போன்ற நாடுகளில் பெரிதும் வளர்ந்தது. அங்கே ஹனோவர், பவேரியா என்னும் பகுதிகளின் பெயரால் வழங்கும் நாயினங்கள் இதற்கென்றே வளர்க்கப்படுகின்றன. குட்டியாக இருக்கும்போதே புல்தரையில் மான் இரத்தத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, முடிவில் மான்தோலை வைத்துவிடுவார்கள். நீண்ட வாரில் பிடித்தபடி நாயை அந்தத் தடத்தில் விட்டு, மெல்லப் பின்செல்வார்கள். முதலில் சில மணி நேரத் தடம். பழகப் பழக, ஓர் இரவு கடந்த தடம். நம் நாட்டுக் கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் கண்டு விரட்டும் இனங்கள். மகனார் குட்டியைத் தேர்ந்ததிலேயே கணக்குப் பிசகியிருக்கிறது!

இனி மஸ்அலாவுக்கு வருவோம். வாரில் கட்டிய நாய் வழிகாட்டி மட்டுமே. பிராணியைக் கொல்வது ஆயுதம். ஆகவே பிஸ்மி ஆயுதத்தை ஏவும்போது சொல்லப்பட வேண்டும். வேண்டுமென்றே விட்டால் ஹனஃபி மத்ஹபில் அது ஹராம். ஷாஃபிஈ மத்ஹபில் பிஸ்மி சுன்னத். துப்பாக்கிக் குண்டால் இறந்தது ஆகுமா என்பதில் உலமாக்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு. ஹனஃபி உலமாக்களில் பலர், உயிரோடு பிடித்து அறுத்தாலன்றி ஆகாது என்பார்கள். நாய் காட்டிய இடத்தில் மான் உயிரோடு கிடந்து, அறுக்க அவகாசமும் இருந்தால், எந்த மத்ஹபிலும் அறுத்தே ஆக வேண்டும். சும்மா பார்த்துக்கொண்டிருந்து அது செத்தால் ஹராம்.

வள்ளல் ஹாத்திமின் மகனார் அதீ (ரலி) அவர்கள் இதைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் துருவித் துருவிக் கேட்டிருக்கிறார்கள். அம்புபட்டு மறைந்த பிராணி ஓரிரு நாள் கழித்துக் கிடைத்து, அதில் தம் அம்பின் காயத்தைத் தவிர வேறு அடையாளம் இல்லையென்றால் உண்ணலாம்; தண்ணீரில் விழுந்து கிடந்தால் உண்ணக் கூடாது என்பது அவர்களுக்குக் கிடைத்த விடை. கொன்றது அம்பா, தண்ணீரா என்று யார் சொல்வது? காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாழ்பவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

இங்கே ஹனஃபி இமாம்கள் வைத்த ஒரு நிபந்தனை நம் நெஞ்சைத் தொடுகிறது. காயப்படுத்தியவன் தேடுவதை விட்டு உட்கார்ந்துவிடக் கூடாது. உட்கார்ந்துவிட்டு, பிறகு அது செத்துக் கிடக்கக் கண்டால், அவனுக்கு அது ஆகாது. ஷாஃபிஈ மத்ஹபின் 'மின்ஹாஜ்' கிதாபோ, மறைந்த பின் செத்துக் கிடந்தால் ஹராம் என்பதையே மேலான சொல்லாக வைக்கிறது. ஆயினும் ஹதீஸை முன்னிட்டு, ஆகும் என்பதே ஆதாரத்தால் வலுவானது என்று இமாம் நவவி (ரஹ்) அவர்களே வேறிடத்தில் கருதியிருக்கிறார்கள். அறுக்கும் கத்தியைக்கூடத் தீட்டிப் பிராணிக்கு நிம்மதி கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில், குண்டடி பட்ட மானைப் புதரில் துடிக்க விட்டுவிட்டு வீட்டில் வந்து படுப்பவனுக்கு என்ன மன்னிப்பு? அனுமதியுள்ள நாட்டில் முறைப்படி வேட்டையாடும் சகோதரருக்கு, இப்படிப்பட்ட நாய் பெரிய உதவிதான்.

ஆனால் பச்சைமலை அந்த நாடல்ல. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதலில் உரிமச் சீட்டு பெற்று வேட்டையாட வழி இருந்தது. 1991-ல் திருத்தம் வந்து அந்த வழியும் அடைபட்டது. இன்று மானைச் சுட்டால் சிறை. அதைத் தேடித் தரும் நாயைக் கொண்டுபோனவரும் தப்ப முடியாது. பிஸ்மி சொல்லிச் சுட்டோமே என்பது அங்கே வக்காலத்து ஆகாது. தன்னையும் தன் பெற்றோரையும் வழக்கிலும் அவமானத்திலும் தள்ளிவிடும் காரியத்தை ஷரீஅத்தின் பெயரால் நியாயப்படுத்த நாம் துணிய மாட்டோம்.

அப்படியானால் குட்டியை என்ன செய்வது? வேட்டைக்கும், மந்தைக்கும், பயிருக்கும் காவலாக அன்றி நாய் வளர்ப்பவரின் நன்மையிலிருந்து நாள்தோறும் குறைந்துகொண்டே போகும் என்று ஹதீஸில் வந்திருக்கிறது. வேட்டையே இல்லாத ஊரில், வேட்டை நாய் என்ற பெயர் வீட்டில் நாய் வைக்க அனுமதிச் சீட்டாகாது. சகோதரருக்குக் கொள்ளிடக் கரைப் பக்கம் வாழைத் தோப்பு இருக்கிறது. குட்டியை அங்கே காவலுக்குப் பழக்கட்டும் என்று சொல்லி அனுப்பினோம். சோறும் தண்ணீரும் வேளாவேளைக்கு வைப்பது மகனின் பொறுப்பு. அது வாய் வைக்கும் பாத்திரம் தனியாக இருக்க வேண்டும். வீட்டுப் பாத்திரத்தில் வாய் வைத்துவிட்டால், ஷாஃபிஈ மத்ஹபினர் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். ஹனஃபிகளுக்கு மூன்று முறை கழுவினால் போதும்.