முதல் காட்சி லயத்தில் நடக்கட்டும்

பசறையிலும் லுணுகலையிலும் மொனராகலையிலும் கைப்பணத்தைப் போட்டுச் சொந்தமாகப் படமெடுக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் இதை எழுதுகிறேன். படம் முடிந்து ஹார்ட் டிஸ்கில் ஏறியதும் உங்கள் நினைப்பு கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் ஓடுகிறது. அதையும் தாண்டி வெளிநாட்டு விழாக்களுக்குப் போகிறது. போகட்டும், போகத்தான் வேண்டும். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒரு காட்சி நடந்தாக வேண்டும். எந்த லயத்தில் கமராவை வைத்தீர்களோ அந்த லயத்துச் சனம் கூடியிருந்து அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். நேரம் கிடைத்தால் பிறகு செய்யலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். தள்ளிப்போட்ட காட்சி நடப்பதேயில்லை.

அந்தப் படத்துக்கு அவர்கள் தந்தது என்ன என்று யோசித்துப் பாருங்கள். தயாரிப்பாளர் என்று திரையில் ஒரு பெயர்தான் வரும். ஆனால் ஒரு அக்கா ஒருநாள் பேரை விட்டுவிட்டு, மலைக்குப் போகாமல் உங்களுக்காக நடித்திருப்பார். ஒரு குடும்பம் இருக்கிற ஒரே காம்பராவை உங்களுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு இரவு முழுக்க இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும். பால்மரம் வெட்டுகிற அண்ணன் விடியப் பனியில் நீங்கள் சொன்னபடியெல்லாம் திரும்பத் திரும்ப நடந்து காட்டியிருப்பார். யாரும் கணக்குப் பார்க்கவில்லை. நம்ம பிள்ளை படம் எடுக்குது என்று செய்தார்கள். அவர்கள் கேட்கப்போவது ஒன்றுதான்: "அந்தப் படம் என்னாச்சு தம்பி?" அதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆபத்து என்று எச்சரித்திருந்த இடம் அது. அதற்குப் பிறகு கமராக்கள் வந்தன. நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுத தாய்மாரின் முகங்கள் எங்கெங்கோ போயின. அவற்றில் எத்தனை படங்கள் அந்தத் தாய்மாரிடம் திரும்பி வந்தன என்று எடுத்தவர்களே தங்களைக் கேட்டுக்கொள்ளட்டும். வெளியிலிருந்து வந்தவர் எடுத்துக்கொண்டு போனால் வருத்தப்படலாம். நம் வீட்டுப் பிள்ளையும் அப்படியே எடுத்துக்கொண்டு போவதைச் சகிக்க முடியாது.

விளம்பரத்திலும் உண்மையாக இருங்கள். 'மலையகத்தின் முதல் திரைப்படம்' என்று சுவரொட்டியில் போடும் ஆசை இப்போது பலருக்கும் வருகிறது. அது பொய். இலங்கையில் உருவான முதல் தமிழ்ப் படமான 'சமுதாயம்' 1962இல் 16 மில்லிமீற்றர் சுருளில் வந்தது. ஹென்றி சந்திரவன்ச இயக்கிய படம் அது. அடுத்த ஆண்டே கிருஷ்ணகுமாரின் 'தோட்டக்காரி' வந்துவிட்டது. 1975இல் தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் தானே தயாரித்து நடித்த 'புதிய காற்று' தோட்டத் தொழிலாளரின் வாழ்க்கையைத் திரைக்குக் கொண்டுவந்தது. 2013இல் பேராதனைப் பல்கலைக்கழகத்து ஆங்கிலப் பேராசிரியர் சுமதி சிவமோகன் மலையகத் தமிழரைப் பற்றி 'இங்கிருந்து' என்ற படத்தை எடுத்தார். உங்களுக்கு முன்னால் இத்தனை பேர் நடந்திருக்கிறார்கள். முதல் என்று போட்டுக்கொள்ளும்போது அவர்கள் எல்லோரையும் அழித்துவிடுகிறீர்கள். ஏற்கெனவே நெருப்பு அழித்தது போதும்: 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது சுருள்களும் எரிந்தன. அந்தக் காலத்து நம் படங்கள் பலவற்றை இன்று தேடினாலும் பார்க்கக் கிடைப்பதில்லை. பார்க்கக் கிடைக்காததை எடுக்கப்படாதது என்று எண்ணிவிடாதீர்கள். 'எங்கள் தோட்டத்தில் எங்கள் ஆட்கள் எடுத்த படம்' என்று போடுங்கள். அது உண்மை, அதற்கே சனம் வரும்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் படத்தின் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்திடமோ பல்கலைக்கழக நூலகம் ஒன்றிடமோ ஒப்படைத்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்க் விழுந்து உடைவதற்குத் தீ தேவையில்லை.

விருதுகளைப் பற்றியும் பேச வேண்டும். காசு வாங்கிக்கொண்டு மாதா மாதம் விருது கொடுக்கும் இணைய விழாக்கள் உலகமெங்கும் முளைத்திருக்கின்றன. அங்கே திரையும் இல்லை, பார்வையாளரும் இல்லை; இரு பக்கமும் இலை வளைந்த ஒரு முத்திரையை அனுப்பிவைப்பார்கள். ஒரு விழாவுக்கு இருபது முப்பது டொலர் கட்டுகிறீர்கள். 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தை வைத்துப் பார்த்தால், முப்பது டொலர் என்பது கொழுந்தெடுக்கும் ஒருவரின் ஏறத்தாழ ஒரு வாரச் சம்பளம். அப்படி ஐந்து முத்திரைகளை வாங்கிச் சுவரொட்டியில் ஒட்டி, சர்வதேச விருதுபெற்ற படம் என்று உங்கள் அம்மாவிடமே சொல்வது ஏமாற்று. நல்ல விழாக்களுக்கு அனுப்புங்கள். யாழ்ப்பாணத்தில் 2015 முதல் ஒரு சர்வதேசத் திரைப்பட விழா நடந்துவந்திருக்கிறது. மதுரைப் பக்கத்து இளைஞர் பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இல் ரொட்டர்டாம் விழாவில் புலி விருதை வென்றது. அப்படிப்பட்ட கதவுகள் உண்மையிலேயே திறக்கின்றன. முத்திரைக் கடைகளுக்குக் கட்டும் பணத்தை மிச்சம் பிடித்தால், ஒரு புரொஜெக்டரை வாடகைக்கு எடுத்து மூன்று நான்கு தோட்டங்களில் படத்தைக் காட்டலாம்.

இப்படிக் காட்டுவது நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் ஜோன் ஆபிரகாமைத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்தவர் அவர்தான். தேசிய விருது பெற்ற அந்தப் படத்தை எதிர்ப்புக்குப் பயந்து தூர்தர்ஷன் ஒளிபரப்பாமல் நிறுத்திக்கொண்டது. 1984இல் அவரும் நண்பர்களும் கோழிக்கோட்டில் ஒடேசா என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். ஊர் ஊராகப் படம் காட்டி, சனத்திடம் கைநீட்டி, சில்லறை சில்லறையாகச் சேர்த்த பணத்தில் 1986இல் 'அம்ம அறியான்' எடுத்தார்கள். விநியோகஸ்தரை நம்பி நிற்கவில்லை. புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு, பணம் கொடுத்த சனத்திடமே படத்தைக் கொண்டுபோனார்கள். அன்று அவர்கள் சுமந்தது கனமான இயந்திரத்தையும் சுருள் பெட்டிகளையும். இன்று உங்களுடையது ஒரு முதுகுப்பைக்குள் அடங்கிவிடும்.

நமக்கும் இது புதிதல்ல. மாசி மாதம் காமன் கூத்து நடக்கும்போது தோட்டமே விடிய விடிய விழித்திருக்கிறது. வீட்டுக்கு வீடு பணம் சேர்க்கிறார்கள். ரதியும் மதனும் நம்ம வீட்டுப் பிள்ளைகள்தான். பாட்டில் ஒரு அடி தவறினால் திருத்தச் சனத்துக்கு நடுவில் ஆள் இருக்கும். அந்தச் சபை இன்னும் கலையவில்லை. உங்கள் படத்தையும் அதன் முன்னால் வையுங்கள். நகரத்தில் கைதட்டுகிறவர்களுக்குத் தெரியாத பிழை அங்கே பிடிபடும். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசுக்கு எந்தப் பக்கம் யார் நிற்பார் என்பதில் நீங்கள் தவறியிருந்தால் முன்வரிசைப் பாட்டி சொல்லிவிடுவார். வெட்கப்படாமல் கேட்டு, திருத்த முடிந்ததைத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் சபைக்கு முன்னால் இன்னொரு வாசலுக்குப் போக வேண்டும். குடித்துவிட்டு அடிக்கிற கணவன், கொழும்புக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட சிறுமி, சாதி பார்த்து முறிந்த கலியாணம் என்று நம் படங்களில் வருவதெல்லாம் பெரும்பாலும் நடந்தவை. பெயரை மாற்றினாலும் பத்துக் காம்பரா லயத்தில் அது யாருடைய கதை என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே அந்தக் குடும்பத்துக்குத் தனியாகப் போட்டுக்காட்டி, குறிப்பாக அந்தப் பெண்ணின் சம்மதத்தைக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்தக் காட்சியை வெட்டுங்கள். எவ்வளவு நல்ல காட்சியாக இருந்தாலும் வெட்டுங்கள். படம் முடிந்து நீங்கள் பஸ் ஏறிவிடுவீர்கள். மறுநாள் காலை பிரட்டுக்களத்தில் நிற்கப்போவது அவர். பிள்ளைகளின் அழுத முகத்தைச் சுவரொட்டியில் போடுவதையும் விட்டுவிடுங்கள். அந்தப் பிள்ளை திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போக வேண்டும்.

நாள் குறிக்கும்போது பெண்களின் நேரத்தைப் பாருங்கள். விடியுமுன் எழுந்து சமைத்து, பகல் முழுக்க மலையில் நின்று, திரும்பி வந்து மறுபடி அடுப்படிக்குப் போகிறவர்களை இரவு எட்டு மணிக்கு வரச் சொன்னால் திரைக்கு முன்னால் ஆண்கள்தான் இருப்பார்கள். சம்பளநாளுக்கு அடுத்த ஞாயிறு பின்னேரம் மூன்று மணி நல்ல நேரம். கோயில் மண்டபத்து ஜன்னல்களைப் படங்கால் மறைத்தால் இருட்டு கிடைக்கும். மொனராகலைப் பக்கம் யானை இறங்கும் இடங்களில் பொழுது சாய்வதற்குள் முடித்துச் சனத்தை வீட்டுக்கு அனுப்புவது உங்கள் பொறுப்பு. நடக்க முடியாத முதியவர்களை முன்னால் உட்கார வையுங்கள். பொதுக்காட்சிக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். அதைக் கேட்கும் 1912ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. சான்றிதழுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்குங்கள். தோட்டத்து இடமென்றால் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி எடுங்கள். இந்தக் கடிதங்கள் இல்லாததால் காட்சி நின்றால் உங்களை நம்பி மண்டபம் தந்தவருக்கே தலைக்குனிவு.

சிங்களத்தில் கீழெழுத்துப் போடுங்கள். மொனராகலை மாவட்டத்தில் நம் பிள்ளைகள் பலர் சிங்கள மொழியில் படிக்கிறார்கள். சொந்த அப்பாயியின் கதையை வாசித்துத் தெரிந்துகொள்ளவும் அவர்களுக்கு அந்த எழுத்து வேண்டும். பக்கத்துக் கிராமத்துச் சிங்களச் சனத்தையும் அழையுங்கள். லயத்துக்குள் என்ன நடக்கிறது என்று அறியாமலே ஒரே சந்தையில் நம்மோடு சாமான் வாங்குகிறவர்கள் அவர்கள்.

மேடையை அரசியலுக்கு விற்காதீர்கள். புரொஜெக்டர் வாடகையைத் தருகிறோம் என்று ஒருவர் வருவார். பிறகு மாலை, பொன்னாடை, அரை மணிநேரப் பேச்சு என்று நீளும். சனம் படம் பார்க்க வந்திருக்கிறது. பணம் குறைந்தால் திருவிழாவுக்குச் சேர்ப்பது போல வீட்டுக்கு வீடு கேளுங்கள், ஐம்பது ரூபா தந்தாலும் வாங்குங்கள், கணக்கை மண்டபச் சுவரில் ஒட்டுங்கள்.

கோயில் தலைவர்மாரே, அதிபர்மாரே, சங்கத் தலைவர்மாரே, உங்களிடமும் ஒரு வார்த்தை. தென்னிந்திய நடிகரின் படம் வரும்போது பேனர் கட்டப் பணம் கொடுக்கும் நாம், நம் பிள்ளை மண்டபம் கேட்கும்போது நாளைக்குப் பார்ப்போம் என்கிறோம். 1977இல் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்த 'பொன்மணி'யை அன்று யாழ்ப்பாணத்துச் சனமே பார்க்க வரவில்லை. இன்று அது இலங்கைத் தமிழ் சினிமாவின் முக்கியமான படங்களில் ஒன்று. அந்தத் தவறை ஊவாவில் நாமும் செய்யக்கூடாது. கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் கிடைத்த பிரதியைப் போனில் இருந்து போனுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டு, டிக்கட் போட்டால் டிக்கட் வாங்கிப் பார்க்கட்டும். அடுத்த படத்துக்கான பணம் வேறெங்கிருந்தும் வரப்போவதில்லை.

தம்பி, தங்கச்சி, நீங்கள் எடுத்த படத்தில் நடித்த முதியவர்கள் காத்திருக்க முடியாது. இன்றைக்கே கோயில் தலைவரைப் போய்ப் பாருங்கள். அடுத்த சம்பளநாளுக்குப் பிறகு வரும் ஞாயிறைக் குறியுங்கள். காம்பரா தந்தவர், தேத்தண்ணி தந்தவர், ஒருநாள் பேரை விட்டவர் என்று எல்லோர் பெயரையும் கடைசியில் நின்று வாசிக்கும்படி மெதுவாக ஓட விடுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்காக ஒருவரை எழுப்பி அந்தப் பெயர்களைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.